இடம் மாறிய கூடை

கட்டுமானச் சாமான்கள் வைத்திருக்கும் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற அந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ஊரெல்லாம் அவருக்கு ஒரே பெயர்தான்: ஒரேபோடு.

பெயர் வந்தது விளையாட்டால். ஏரிக்கரைப் பூங்காவில் மரங்களுக்கு நடுவே ஆங்காங்கே இரும்புக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பிக் கூடை, அதற்கு மேலே குடை விரித்தாற்போல் தொங்கும் சங்கிலிகள். தூரத்தில் ஒரு சிமென்ட் மேடை. மேடையில் நின்று பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வீச வேண்டும், விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் கூடைக்குள் போடுகிறவர் கெட்டிக்காரர். டிஸ்க் கால்ஃப் என்று வாசலில் போர்டு இருக்கிறது. வருகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஞாயித்துக்கிழமை தட்டுக்கு வர்றியா?" என்றுதான் கேட்பார்கள்.

சாதாரண ஆட்களுக்கு ஒரு கூடைக்கு மூன்று வீச்சாவது ஆகும். நல்ல நாளாக இருந்தால் இரண்டு. மேடையிலிருந்து வீசிய முதல் தட்டே கூடையில் விழுவது என்பது, பல வருஷம் ஆடியவர்களுக்கும் ஒரு தடவை வாய்த்தால் பெரிது. அதை வாய்க்கப் பெற்றவர்கள் கல்யாண நாளை மறந்தாலும் அந்தத் தேதியை மறக்க மாட்டார்கள். ஒரேபோடுவுக்கு அது மழை மாதிரி. எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் வந்துகொண்டே இருக்கும். மொத்தம் எத்தனை என்று அவரைக் கேட்டால் தலையைச் சொறிவார். அவருடைய மைத்துனனைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய எண்ணைச் சொல்வான். போன முறை சொன்னதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, கண்ணுக்கு அழகான வீச்சு அவருடையது. ஓடி வருவதில்லை, உடம்பை முறுக்குவதில்லை. மேடையில் நின்று, தட்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து, கதவைத் திறந்துவிடுகிற மாதிரி விட்டுவிடுவார். தட்டு சாவகாசமாகப் போகும். கடைசியில் இடப்பக்கம் சாய்ந்து கீழே இறங்கும். சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழும்போது சலங்கை குலுங்கியது போல் சத்தம் கேட்கும். அவர் அதற்குள் குனிந்து பையை எடுத்துத் தோளில் மாட்டியிருப்பார்.

இத்தனை இருந்தும் போட்டி என்று வைத்தால் ஒன்றில்கூட அவர் ஜெயித்ததில்லை. முதல் வீச்சு கூடையில் விழாவிட்டால் அவருக்கு ஆட்டத்தில் சுவாரசியம் போய்விடும். இரண்டாவது வீச்சை யாருக்கோ கடன் கொடுப்பது போல வேண்டாவெறுப்பாக வீசுவார். "மாமா, நீங்க ரெண்டாவதையும் முதல்னு நெனச்சு வீசுனா என்ன?" என்று மைத்துனன் கெஞ்சுவான். அவன் மின்சார வேலை பார்ப்பவன். இடுப்பில் டெஸ்டரோடுதான் விளையாட வருவான். "அதெப்படி மாப்ள, ரெண்டாவது ரெண்டாவதுதானே" என்பார் இவர்.

இவர்களோடு மூன்றாவதாக ஒரு பெண்மணியும் ஆடுவார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லோருக்கும் அவர் டீச்சர். நாள் முழுக்க அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் என்பதால் அதிகம் பேச மாட்டார். எதற்கும் சட்டென்று பதறவும் மாட்டார். நிதானமாக, ஒவ்வொரு கூடையையும் மூன்று வீச்சில் முடித்துக்கொண்டு, கடைசியில் இவர்கள் இரண்டு பேரையும் ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

கடந்த இரண்டு மூன்று வருஷமாக ஒரேபோடுவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான். குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிவது போல அது ஒவ்வொரு நாளும் துளித்துளியாக வந்தது. நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பத்திரிகைக்காரர்கள் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். எதிரே வரும் வண்டிகளின் விளக்கு கண்ணைக் கூசவைத்தபோது, இப்போதெல்லாம் கண்ட கண்ட பல்பைப் போடுகிறார்கள் என்றார். நீலத் தட்டு, பச்சைத் தட்டையெல்லாம் மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டு, பளீர் ஆரஞ்சு நிறத்தில் புதிதாக வாங்கிக்கொண்டார். "வயசு திரும்புது போல" என்று அவன் கிண்டல் செய்தான். அவரும் சிரித்துவைத்தார்.

உண்மையில், மேடையில் நின்றால் கூடை அவருக்குத் தெரியாது. பச்சையும் சாம்பலுமாக ஒரு கலங்கல்தான் தெரியும். ஆனால் அந்தப் பூங்காவை அவர் கால் அறியும், கை அறியும். மூன்றாவது கூடைக்கு வேலி ஓரமாக விட வேண்டும். ஐந்தாவதுக்குக் கொஞ்சம் உயர்த்திப் போட வேண்டும். ஏழாவதுக்கு இரண்டு மரத்துக்கு நடுவே, ஏரிக் காற்று முகத்தில் படுகிறதா முதுகில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டு வீச வேண்டும். வீசிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். சங்கிலி குலுங்கினால் சரி. அந்த இரண்டு மூன்று வருஷத்தில் விழுந்த வீச்சுகளில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. பாராட்டுகிறவர்கள் சொல்லித்தான், எப்படி விழுந்தது என்பதே அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல் மூவரும் ஆடிக்கொண்டு வந்தார்கள். ஏழாவது கூடையைச் சுற்றி மிதிபட்டு மிதிபட்டுப் புல் செத்துப் போயிருந்ததால், முந்தின நாள்தான் பூங்கா ஊழியர்கள் அதைப் பிடுங்கி, இடப்பக்கம் நன்றாகத் தள்ளி, கல் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நட்டிருந்தார்கள். மேடையில் ஏறிய மற்ற இருவருக்கும் அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வெட்ட வெளிச்சமாகத் தெரிகிற ஒன்றை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? முதலில் வீசிய டீச்சரின் தட்டு புதுக் கூடைக்கு முன்னால் விழுந்தது. மைத்துனனுடையது பெஞ்சில் மோதியது.

ஒரேபோடு ஏறினார். காற்று முதுகில் பட்டது. தட்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து விட்டார். கையை விட்ட அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது, இது விழப்போகிற தட்டு. இத்தனை வருஷ அனுபவத்தில் கை அவருக்குப் பொய் சொன்னதில்லை. பையை எடுக்கக் குனிந்தபடியே காது கொடுத்தார்.

சத்தமே இல்லை.

நிமிர்ந்தார். "விழலையா?" என்றார்.

மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ மாமா! பழைய குழி மேலயே கொண்டுபோய் வெச்சீங்களே! அளந்து வெச்ச மாதிரி! கூடை அங்கேயே இருந்திருந்தா இது அசல் ஒரேபோடுதான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய குழியா? ஆனால் சிரிக்கிறவன் முன்னால் விழிக்கக் கூடாது என்று அவரும் சிரித்தார். "பழைய வீட்டுக்காரனுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டு வரலாம்னுதான்" என்றார்.

"இந்த வாய்க்குத்தான் எங்கக்கா உங்களைக் கட்டிக்கிட்டா" என்று சொல்லிக்கொண்டே அவன் தன் தட்டை எடுக்க ஓடினான்.

டீச்சர் சிரிக்கவில்லை. ஒரேபோடு நடந்துபோய்ப் பார்த்தார். புல் செத்த வட்டத்தின் நடுவே, கம்பத்தைப் பிடுங்கிய குழியை மூடியிருந்த இரும்பு மூடியின் மேல், அவருடைய ஆரஞ்சுத் தட்டு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்ற பிறகுதான், தூரத்தில் வேறொரு கம்பம் நிற்பது அவர் கண்ணுக்குக் கோடு போல் தட்டுப்பட்டது.

டீச்சர் அவரோடு சேர்ந்து நடந்தார். மைத்துனன் காதில் விழாத தூரம் வந்ததும், "அண்ணே, அந்த ஏரிப் பக்கம் வேலிகிட்ட நிக்கிறது யாருன்னு தெரியுதா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கறுப்பாக, உயரமாக ஏதோ நின்றது. "யாரோ ஒருத்தர் மழைக்கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறார். ஏன்?"

"அது குப்பைத் தொட்டிண்ணே."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"நீங்க வேலையில என்ன வண்டி ஓட்டுறீங்க?" என்றார் டீச்சர். தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை அது.

ஒரேபோடுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டீச்சர், உங்க கிளாஸ்ல நான் சேரலை. சேர்ந்தா அப்ப சொல்லிக் குடுங்க" என்றார்.

"சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் தன் தட்டை எடுத்து வீசப் போய்விட்டார். மிச்ச ஆட்டத்தை அவர்கள் ஏதோ ஆடி முடித்தார்கள். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் மைத்துனன் அந்தப் பழைய குழிக் கதையை நடித்தே காட்டினான். அவருடைய மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையும் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அந்தக் கிடங்கில் கூரை உயரத்துக்கு இரும்பு அடுக்குகள். டைல்ஸ் பெட்டிகள், பெயின்ட் டின்கள், வாஷ்பேசின்கள் எல்லாம் மரப் பலகைகளின் மேல் கட்டுக் கட்டாக ஏறி உட்கார்ந்திருக்கும். ஃபோர்க்லிஃப்டின் இரண்டு இரும்புக் கரங்களையும் அந்தப் பலகையின் இடுக்கில் நுழைத்து, தூக்கி, பின்னால் வந்து, திரும்பி, இறக்க வேண்டும். ஒரேபோடு அதிலும் பெயர் பெற்றவர். எந்த அடுக்குக்கு நெம்புகோலை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பது அவருக்கு விரலிலேயே இருந்தது. மேல் விளக்குகள் ஒவ்வொன்றும் அவர் கண்ணுக்கு ஒளிவட்டம் போட்டுக்கொண்டு தெரிந்தபோதும் ஒரு பெட்டியைக்கூட அவர் இடித்ததில்லை.

அன்றைக்கு அவர் வண்டியைக் கிளப்பும்போதே டீச்சரின் குரல் உள்ளே உட்கார்ந்துகொண்டது. அது குப்பைத் தொட்டிண்ணே.

டைல்ஸ் அடுக்குச் சந்துக்குள் திரும்பினார். பழக்கப்படி ஹார்ன் அடித்தார். பழக்கப்படியே வேகத்தைக் கூட்டப் போன கை நின்றது. சந்தின் கோடியில் மஞ்சளாக ஏதோ ஒன்று தெரிந்தது. அந்த மூலையில் அடுக்கின் காலை வண்டி இடிக்காமலிருக்க ஒரு மஞ்சள் தடுப்புக் கம்பம் உண்டு. அதுவாகத்தான் இருக்கும். நேற்றுவரை அப்படித்தான் நினைத்திருப்பார், போயிருப்பார். இன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். கம்பம் என்றும் தோன்றியது, இல்லையென்றும் தோன்றியது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியவில்லை. தெரியவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மஞ்சள் எழுந்து நின்றது.

கீழ் அடுக்கில் பெட்டிகளை எண்ணுவதற்காக மஞ்சள் மேலங்கியோடு குனிந்திருந்த பெண் அவள். பாட்டுக் கேட்கக் காதில் இயர்போன் மாட்டியிருந்ததால் ஹார்ன் கேட்டிருக்காது. அவள் இவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு அடுத்த சந்துக்குப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை. ஒரேபோடுவுக்குத்தான் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. இதற்கு முன்னால் எத்தனை முறை கம்பம் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறோம், அவற்றில் எத்தனை கம்பம், எத்தனை ஆள் என்று எண்ணிப் பார்க்க முயன்றார். முடியவில்லை.

இரும்புக் கரங்களைத் தரை வரைக்கும் இறக்கினார். எஞ்சினை அணைத்தார். சாவியை உருவிக்கொண்டு நடந்தே சூப்பர்வைசர் அறைக்குப் போனார்.

சூப்பர்வைசர் ஃபோனில் யாரிடமோ லாரிக்காகக் கத்திக்கொண்டிருந்தார். சாவியை மேசை மேல் பார்த்ததும் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு சார். எனக்குத்தான் கண்ணு சரியா தெரியல."

"தூசி விழுந்திருக்கும். போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. பத்து மணிக்கு லாரி வருது."

"தூசி இல்ல சார். ரொம்ப நாளாவே தெரியல. இனிமே நான் ஓட்டக் கூடாது."

சூப்பர்வைசர் ஃபோனை வைத்தார். "ரொம்ப நாளான்னா? நீங்கதானேய்யா இங்க இருக்கறதுலயே சுத்தமா ஓட்டுற ஆளு?"

"அதான் சார் பயமா இருக்கு."

திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழத்தான் செய்தது. இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை, யாருக்காவது ஒன்று ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது, இன்றைக்கு வருகிற லாரிக்கு யாரை வைத்து ஏற்றுவது என்று மனுஷர் பொரிந்து தள்ளினார். ஒரேபோடு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். எல்லாம் நியாயமான திட்டு. கடைசியில் சூப்பர்வைசர் சாவியை இழுப்பறைக்குள் போட்டார். "டாக்டரப் பாருங்க. சரியானதும் வாங்க, டெஸ்ட் வெச்சுப் பார்ப்போம். அது வரைக்கும் பேக்கிங் பக்கம் போய் பிளாஸ்டிக் தாள் சுத்துங்க" என்றார். பிறகு, அவர் கதவருகே போனதும், "நீங்களா வந்து சொன்னது நல்லதாப் போச்சு" என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வீட்டில் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். முன்னறை முழுக்கத் துணி மலை மலையாகக் கிடக்கும். தையல் மெஷினின் சத்தம் ஓய்வதற்காகக் காத்திருந்து, ஏழாவது கூடையிலிருந்து ஆரம்பித்துச் சாவி வரைக்கும் சொல்லி முடித்தார்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அந்த டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கு. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரே வீட்டுல இருக்கற எனக்குத் தெரியல."

"உனக்குத் தெரியாதா?"

அவள் மடியிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "தெரியும்னு வெச்சுக்கோங்க. போன மாசம் கடைத்தெருவுல யாரோ ஒரு பொம்பளை கிட்ட போய், 'வா போகலாம்'னு கைய நீட்டுனீங்களே. அவ பச்சை சேலை, நான் பச்சை சேலை. நீங்க விளையாடுறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கறது சுலபமா இருந்துச்சு" என்றாள்.

"அந்தம்மா திட்டுனாங்க."

"திட்டாம? நல்லவேளை, அவ புருஷன் பக்கத்துல இல்ல." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரித்ததால் வந்த கண்ணீர் மட்டும்தானா என்று அவரால் சொல்ல முடியவில்லை. "நாளைக்கு நான் துணி எதுவும் வெட்டல. காலையிலேயே கிளம்புவோம்" என்றாள்.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயதுக்காரி. கருவியில் தாடையை வைக்கச் சொல்லி ஒரு கண்ணைப் பார்த்தாள், மறு கண்ணைப் பார்த்தாள், திரும்பவும் முதல் கண்ணைப் பார்த்தாள். "ரெண்டுலயும் புரை நல்லா முத்திருக்கு. இதை வெச்சுக்கிட்டு இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"தட்டு வீசிட்டிருந்தாரு" என்றாள் மனைவி.

டாக்டருக்குப் புரியவில்லை. புரியவைக்க அவர்களும் முயலவில்லை. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை, முதலில் ஒரு கண், ஆறியதும் அடுத்த கண் என்று டாக்டர் சொன்னாள். ஒரேபோடு பயப்படத்தான் செய்தார். அறுவை அறைக்குள் போகும்போது மைத்துனன், "மாமா, கண்ணை நல்லா திறந்துக்கிட்டு இருங்க" என்று தைரியம் சொல்லி அனுப்பினான். உள்ளே படுத்திருந்த நேரமெல்லாம் அவர் மனதுக்குள் மூன்றாவது கூடை, ஐந்தாவது கூடை என்று பூங்காவை ஒரு சுற்று ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிவதற்குள் சிகிச்சை முடிந்துவிட்டது.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் பார்த்தது மனைவியை. அவள் காதோரம் நரைத்திருந்தது. மூக்கின் மேல் ஒரு சின்னத் தழும்பு; அது எப்போதும் இருந்ததுதான், அவர்தான் மறந்திருந்தார். அவர் பார்க்கிற பார்வையில் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "என்ன, ஆள் மாறிட்டனா?" என்றாள்.

"இல்ல. அதே ஆளுதான்."

வீட்டுக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முன்னறைச் சுவர் கண்ணைப் பறித்தது. பழுக்கத் தொடங்கிய எலுமிச்சம்பழத்தின் நிறத்தில், பச்சையிலும் சேராமல் மஞ்சளிலும் சேராமல், பார்க்கப் பார்க்கப் பல் கூசுகிற ஒரு நிறம்.

"யாரு இந்தப் பெயின்ட்டை அடிச்சது?" என்றார்.

மனைவியும் மைத்துனனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்கதான்" என்றாள் அவள். "போன வருஷம் கிடங்குலேர்ந்து கொண்டுவந்து, லீவு போட்டு அடிச்சீங்களே. சந்தன நிறம்னு சொன்னீங்க."

"இதுவா சந்தனம்? அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"அவ்வளவு ஆசையா அடிச்சீங்க. எப்படிங்க சொல்றது?" என்றாள் மனைவி.

"எங்கிட்ட திரைச்சீலை தைக்க வந்தவங்க பாதிப் பேர் வாசலோட திரும்பிட்டாங்க தம்பி" என்று அவள் மைத்துனன் பக்கம் திரும்பிச் சொன்னாள். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினான். ஒரேபோடு நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, கண்ணீரை வழியவிட்டபடியே சிரித்தார்.

இரண்டாவது கண்ணும் ஆறி, பூங்காவுக்குப் போகலாம் என்று டாக்டர் அனுமதித்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. முதல் நாள் அவர் ஆட்டத்தை ஆடியதைவிட வேடிக்கை பார்த்ததுதான் அதிகம். இலை இலையாக மரம் தெரிந்தது. ஏரியின் அக்கரையில் சைக்கிளில் போகிறவர் தொப்பி போட்டிருந்தது தெரிந்தது. தட்டை வீசினால், அது கையை விட்டுச் சுழன்று, உயர்ந்து, காற்றில் ஒரு கணம் தயங்கி, இடப்பக்கம் சாய்ந்து இறங்குகிற அழகு முழுக்கத் தெரிந்தது. கடவுளே, இத்தனை நாள் இதையா விட்டுவிட்டோம் என்றிருந்தது. பையை எடுக்கக் குனியவே தோன்றவில்லை. தட்டு தரையில் விழுந்து அசைவு நிற்கும் வரைக்கும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு தட்டும் கூடையில் விழவில்லை. அடுத்த வாரமும் விழவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மரம் தெரிகிறது, மரத்தைப் பார்த்தால் கை மரத்துக்கே போகிறது. பெஞ்சு தெரிகிறது, தட்டு பெஞ்சில் போய் உட்காருகிறது. மைத்துனனுக்குத்தான் தாங்க முடியவில்லை. ஊரெல்லாம் பெருமை பேசிவைத்தவன் அவன்தானே.

"மாமா, அந்தப் பழைய லென்ஸை டாக்டர் எங்க போட்டாங்கன்னு கேட்டுப் பாருங்களேன்" என்றான்.

"போடா" என்றார் அவர். அவருக்கு அதில் வருத்தமே இருக்கவில்லை. ஒரு விசித்திரம், இப்போது இரண்டாவது வீச்சும் அவருக்குச் சுவாரசியமாக இருந்தது. எங்கிருந்து எங்கே போட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிகிறதே. மூன்று வீச்சில் முடிக்கிற கூடைகள் கூடிக்கொண்டே வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக மைத்துனனை ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார். அவன் அன்று முழுக்க உம்மென்று இருந்தான்.

கிடங்கில் சூப்பர்வைசர் சொன்னபடியே டெஸ்ட் வைத்தார். காலி பேரல்களை வரிசையாக நிறுத்தி, வளைந்து வளைந்து ஓட்டச் சொல்லி, மேல் அடுக்கில் சரக்கை வைத்து எடுக்கச் சொன்னார். ஒரேபோடு முன்பைவிட மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு சந்திலும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். "வேகம் போயிருச்சே" என்றார் சூப்பர்வைசர். "போகட்டும் சார்" என்றார் இவர். சாவி இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது.

டீச்சரிடம் அன்றைய பேச்சைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மன்னிப்பு, நன்றி இரண்டுமே அவருக்கு வாயில் வராத சங்கதிகள். வேலை திரும்பக் கிடைத்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது மேடைக்கு நடக்கும்போது, "டீச்சர், அன்னிக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தார்.

"எங்கிட்ட பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சிட்டு என்னையே திட்டுறவங்க இருக்காங்க அண்ணே. நீங்க பேசினதெல்லாம் ஒரு பேச்சா" என்றார் டீச்சர். அத்தோடு அது முடிந்தது.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. ஏழாவது மேடை ஈரமாகக் கிடந்தது. மைத்துனன் முதலில் வீசிவிட்டு, பைக்குள் தலையைவிட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தான். டீச்சர் ஏறி, தன் வழக்கப்படி நிதானமாக வீசினார். தட்டு கையை விட்ட நொடியில் அவர் கால் லேசாக வழுக்கியது. விழுந்துவிடாமலிருக்கக் கையை விரித்துச் சமாளித்து, குனிந்து செருப்பைப் பார்த்தார்.

ஒரேபோடு தட்டைப் பார்த்தார். வெள்ளைத் தட்டு. ஒவ்வொரு சுழற்சியும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"விழுது! டீச்சர், விழுது!" என்று கத்தினார்.

டீச்சர் நிமிர்ந்தபோது சங்கிலி குலுங்கி அடங்கிக்கொண்டிருந்தது. மைத்துனன் பையிலிருந்து தலையை எடுத்து, "என்ன? யாரு? யாரோடது?" என்றான். டீச்சர் மேடையிலேயே சிலை மாதிரி நின்றார். இத்தனை வருஷ ஆட்டத்தில் அவருக்கு அது முதல் முறை. எதற்கும் பதறாத அந்த அம்மா பையை எடுக்கக்கூட மறந்து மேடையிலிருந்து இறங்கினார்.

மூன்று பேரும் கூடையை நோக்கி நடந்தார்கள். நடந்தார்கள் என்று சொல்வது தப்பு, மைத்துனன் ஓடினான். டீச்சர் பாதி வழியில் நின்று ஒரேபோடுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நான் பார்க்கலையே. காலைப் பார்த்துட்டேன். எப்படிப் போச்சு? சொல்லுங்க."

"கையை விட்டதும் வலது பக்கம் கொஞ்சம் தள்ளித்தான் போச்சு டீச்சர். அந்த ரெண்டாவது மரத்துல இடிக்கப் போகுதுன்னு நெனச்சேன். இடிக்கல. கீழ்க் கிளைக்கு அடியில பூந்து வந்துருச்சு. பெஞ்சுக்கு மேல வந்ததும் அப்படியே சோம்பேறி மாதிரி நின்னுச்சு. சரி, அங்கேயே விழுந்துடும்னு பார்த்தா, இடப்பக்கம் சாஞ்சு, அவசரமே இல்லாம, சங்கிலி மேல போய்ப் படுத்துக்கிச்சு."

"மரத்துல படவே இல்லையா?"

"ஒரு இலைகூட ஆடல."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நல்லாப் பார்த்தேன் டீச்சர்."

கூடையருகிலிருந்து மைத்துனன் வெள்ளைத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக் கூத்தாடிக்கொண்டிருந்தான். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே. மெதுவா."

ஒரேபோடு, தட்டு டீச்சர் கையை விட்டுக் கிளம்பிய இடத்திலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்.